காப்பிக் களத்தில் காய்ந்த தலையணைகள்

மஞ்சள் படிந்த தலையணையை இன்று வீட்டில் பிரித்தபோது எழுந்த பஞ்சு வாடை, ஏற்காட்டில் இப்போது சொகுசு விடுதியாகிவிட்ட ஒரு காப்பிக் களத்துக்கு என்னைக் கொண்டுபோயிற்று.

அதன் பக்கத்து லாட்ஜில் வேலை பார்த்த அம்மா, சீசனுக்கு முன் தலையணைகளைப் பிரித்து, உறைத்துணிகளை வெளுத்து, இலவம்பஞ்சைப் பழைய கொசுவலைக்குள் பரப்பி அக்களத்தின் சிமெண்டுத் தரையில் காயவைப்பார்; பனிமூட்டம் இறங்கினால் வலையைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதும், விலகினால் மீண்டும் விரிப்பதுமாகவே எங்கள் பகல்கள் கழிந்தன. யாரோ தலைக்குத் தேய்த்த எண்ணெயின் மஞ்சளுக்கு அம்மாதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "இன்னொருக்கா மஞ்சத் தலகாணியப் பாத்தன்னா வேற ஆள் வெச்சுக்குவேன்" என்று லாட்ஜ் மேனேஜர் ஒரு வருடம் எச்சரித்திருந்தார்.

அந்த வருடம் வெயிலே அரிது. களம் முழுக்கக் கடைசிக் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. "ஏனுங்கக்கா, எங்க கொட்டைதான் பஞ்சா வெடிச்சுருச்சுங்களா?" என்று அம்மாவின் பஞ்சு மூட்டையைப் பார்த்துச் சிரித்தபடி, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் கொட்டையை ஒதுக்கிப் பாதிக் களத்தைத் தந்தார்.

வெளுத்துத் தைத்த தலையணையை மேனேஜர் மோந்து பார்த்தார். "என்னம்மா, காப்பி வாசம் அடிக்குது?"

அம்மா முந்தானையைத் திருகியபடி சொன்னார்: "ஏற்காட்டுத் தலகாணிங்க. வேற எப்படிங்க மணக்கும்?"

மேனேஜர் கண்களை மூடிக்கொண்டு மறுபடியும் மோந்து பார்த்தார்.

"சரி, எல்லா ரூமுக்கும் போடு."