பந்தை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்தவர்

ஜெசி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்த காலையில் நான் என் மகள் சங்கரிக்குக் கண் கழுவிக்கொண்டிருந்தேன். இடக்கண் செயற்கைக் கண். அதைக் கழற்றி, கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி, மறுபடி பொருத்த வேண்டும். நடுவில் கையை எடுக்க முடியாது. நூலக உதவியாளர் முருகன் அண்ணாச்சி வாசலில் சைக்கிளை நிறுத்தினார். எப்போதும் தெருமுனையிலிருந்தே மணியடித்துக்கொண்டு வருகிறவர், அன்றைக்கு மணியடிக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

"இப்பத்தாம்மா. ஆறு மணிக்கு" என்றார்.

மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தை ஒரு கையில் ஏந்தியபடி, "சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

அக்காவைப் பற்றிக் கல்லூரி மலருக்குப் பத்து நாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நாற்பது நாள் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் நான் அக்காவிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் முதலில் வந்து நிற்கிறது. அதை எழுதாமல் மற்றதை எழுத முடியவில்லை. அதனால்தான் இந்தத் தாமதம்.

பாளையங்கோட்டையில் நம் கல்லூரி நூலகத்துக்கு வந்துபோன எல்லோருக்கும் நூலகரான அவரைத் தெரியும். காலையில் செய்தித்தாள் வந்ததும் முதலில் விரிவது விளையாட்டுப் பக்கம். அதை அவர் படித்த பிறகுதான் தாள் மேசைக்கு வரும். பெரிய டென்னிஸ் போட்டி தொடங்கினால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவார். நூற்றிருபத்தெட்டு பெண்களின் பெயர், சுற்றுக்குச் சுற்று பாதியாகக் குறைந்து, கடைசியில் ஒரே கட்டம். அந்தத் தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். வாயில் நுழையாத பெயர்களுக்குப் பதிலாக அவரே பெயர் வைத்திருந்தார்: ஜெர்மன்காரி, சத்தக்காரி, அழுதவ. நான் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில், "ஆம்பளைங்க ஆட்டம் பாக்க மாட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். "அதைப் பாக்கத்தான் ஊரே இருக்கே" என்றார்.

அந்தச் சத்தக்காரி, அடிக்கு அடி கத்திக்கொண்டு ஆடுகிற சின்னப் பெண், உலகத்தின் முதலிடத்தில் இருந்தாள். தொண்ணூற்று மூன்று வெயில் காலத்தில் ஜெர்மனியில் ஒரு போட்டி. முனை மாறும் இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளின் முதுகில் ஒருவன் கத்தியால் குத்திவிட்டான். வேறொருத்தியின் ரசிகனாம். செய்தியைப் படித்துவிட்டு அக்கா எழுந்தார். தன் நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார். கடைசிவரை அது அங்கேயேதான் இருந்தது. "ஆடும்போது ஒண்ணும் வரல, பாத்தியா? உக்காந்து தண்ணி குடிக்கும்போது வந்திருக்கு" என்றார். சிரித்தேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, எதற்கும் பயமில்லை.

அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதி ஆட்டத்தை அவர் வீட்டில் பார்த்தோம். ஒருத்தி கிட்டத்தட்ட ஜெயித்தே விட்டாள். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அங்கிருந்து தடுமாறி, எல்லாவற்றையும் ஜெர்மன்காரியிடம் கொடுத்துவிட்டு, பரிசு வழங்க வந்த அரச குடும்பத்து அம்மாளின் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அக்கா அழவில்லை. "அவ தோத்தது இப்ப இல்லட்டி. ரெண்டாவது சர்வீஸ் போடுதப்பவே பந்தைத் தூக்கிப் போட்ட கை நடுங்குச்சு. நீ ஸ்கோரைப் பாத்துக்கிட்டு இருந்த" என்றார். அவர் பார்வை அப்படி. எல்லோரும் பந்தைப் பார்த்தால் அவர் முழங்கால் கட்டைப் பார்ப்பார், தோளைப் பார்ப்பார். "இவ எங்கனயோ வலியை மறைச்சுக்கிட்டு ஆடுதா" என்பார். இரண்டு நாளில் அவள் போட்டியிலிருந்து விலகிய செய்தி வரும். எனக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

இனி அந்த வார்த்தைக்கு வருகிறேன்.

சங்கரிக்கு ஒன்றரை வயது. நம் கல்லூரி மைதானத்தில் கல்லூரிகளுக்கிடையேயான பெண்கள் டென்னிஸ். சனிக்கிழமை மாலை, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வலைக்கு நேரே பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். நம் பெண் சிவப்புச் சட்டை போட்டு வலது முனையில் ஆடினாள். சங்கரி அந்தப் பக்கமே பார்த்துக் கைதட்டினாள். பின்னால் இருந்த மாணவிகளுக்கு ஒரே சிரிப்பு. "ஏளா, ஆபீஸ் அக்கா பிள்ளை இப்பவே நம்ம கட்சில சேந்துட்டாளே!" எனக்கும் பெருமைதான்.

அக்கா ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கட்டத்தில் அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். பென்சில் நின்றிருந்தது. என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவி ஒருத்தி, "மிஸ், ஸ்கோர்!" என்று கூப்பிட்ட பிறகும் திரும்பவில்லை.

ஆட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கோமதி, இவ இடப்பக்கம் போற பந்தைப் பாக்கல."

"சின்னப் பிள்ளைக்கு என்னக்கா தெரியும்? சிவப்புச் சட்டையைப் பாக்கா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். முனை மாறி, செவப்புச் சட்டை இடப்பக்கம் போயிட்டு. இவ வலப்பக்கமே பாக்கா. மூணு தடவை மாறியாச்சு, மூணு தடவையும் இங்கனயேதான். நாளைக்கே கண் டாக்டர்ட்ட காட்டுட்டி."

என் மாமியார் தினமும் சாயங்காலம் பல்ப் வெளிச்சத்தில் சங்கரியைத் தூக்கிப்பிடித்து, "இடக்கண்ணைப் பாரு, வைரம் பதிச்ச மாதிரில்லா மின்னுது" என்று திருஷ்டி கழிப்பார். வந்தவர்கள் எல்லோரும் அந்த மினுக்கத்தைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். அந்தக் கண்ணைப் போய் ஒருவர் குறை சொல்லுவதா? எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஒண்ணு பெத்திருந்தா இப்படிச் சொல்ல ஒங்களுக்கு வாய் வராதுக்கா" என்றேன்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவர். அட்டையில் ஸ்கோரைக் கூட்டிச் சரிபார்த்தார், பென்சிலைப் பையில் போட்டார், போனார்.

ஒரு வாரம் நாங்கள் பேசவில்லை. எட்டாம் நாள் ஞாயிறு காலையில், கையில் பழைய டென்னிஸ் பந்தோடு என் வீட்டுக்கு வந்தார். "காப்பி போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்த சங்கரியின் முன்னால் பந்தை உருட்டினார். அடுப்படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். உருட்டியபடியே பைய அவள் இடக்கண்ணை உள்ளங்கையால் மூடினார். பிள்ளை சிரித்துக்கொண்டே பந்தைப் பிடித்தாள். பிறகு வலக்கண்ணை மூடினார். சங்கரி வீறிட்டாள். அந்தக் கையைப் பிய்த்துத் தள்ளினாள். கையை எடுத்ததும் சிரித்தாள். இடக்கண், சிரிப்பு. வலக்கண், அலறல். இரண்டாம் முறையும் அப்படியேதான்.

மூன்றாம் முறை வேண்டாம் என்று நானே ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அக்கா போய் அடுப்பை அணைத்தார்.

மதுரையில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு வெளியே போய் இன்னொரு டாக்டரைக் கூட்டிவந்தார். கண்ணுக்குள் புற்றுக்கட்டி. அந்த மினுக்கம் அதுதான். "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா கண்ணோட போயிருக்காதும்மா" என்றார். கண்ணை எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தாள். மற்றக் கண்ணிலும் வரலாம், அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்றார்கள். நான் சொன்ன வார்த்தைக்கு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை நான் ஸ்கோர்ல எழுதலட்டி" என்றார். அவ்வளவுதான்.

அந்த வருடம் அழுதவள் ஜெயித்தாள். ஐந்து வருடம் கழித்து, அதே விம்பிள்டனில். அக்கா வீட்டு டிவி முன்னால் சங்கரியை நடுவில் வைத்துக்கொண்டு பார்த்தோம். அன்றைக்கு அக்கா காப்பித் தட்டை இடக்கையால் கொண்டுவந்தார். அதை நான் பார்த்தேன். அதன் பிறகு செய்தித்தாள் கட்டையும் இடக்கையால்தான் தூக்கினார். மதுரைக்கு எங்களோடு வந்துகொண்டிருந்தவர் வராமலானார். "தோள்பட்டைல சுளுக்கு" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். என் கவலையெல்லாம் ஒரே ஒரு கண்ணில் இருந்தது. மார்பில் கட்டி என்று தெரிந்தபோது அது எலும்புவரை போயிருந்தது. எத்தனையோ பெண்களின் மறைத்த வலியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தவர் ஒரு வருடம் எங்கள் நடுவில் வலியோடு நடந்தார். யாரும் அவரை மறித்து, "கையைத் தூக்குங்க பாப்போம்" என்று சொல்லவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் கட்டம் போட்ட தாள் தலையணைக்கடியில் இருந்தது. முதலிடத்துக்காரி முதல் சுற்றிலேயே, ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் தோற்றாள் என்று படித்துக் காட்டினேன். சிரித்தார். சங்கரியைக் கிட்டக் கூப்பிட்டு, அவளுடைய வலக்கண்ணையே வெகுநேரம் பார்த்தார். "தேதி வர வரைக்கும் காத்துக் கெடக்காதட்டி" என்றார். நான் கேட்ட அவருடைய கடைசிச் சொல் அது. தாளில் மூன்றாம் சுற்றுவரைதான் பெயர்கள் இருக்கின்றன.

அந்தத் தாளை நூலகத்துக்கே கொடுத்துவிட்டேன். பந்து என்னிடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் அதைச் சங்கரிக்கு உருட்டுகிறேன். நேற்று வலப்பக்கம் உருட்டியபோது பந்து அவளைத் தாண்டி ஓடிச் சுவரில் முட்டியது. சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினாள். மறுபடி உருட்டினேன், பிடித்துவிட்டாள். ஜன்னல் வெயில் கண்ணில் பட்டிருக்கும் என்கிறார் என் கணவர். எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. டாக்டர் கொடுத்த தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

நாளை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போகிறோம்.