முன்வரிசையில் நொண்டியவள்

என் அரங்கேற்றத்துக்குப் பத்திரிகை கொடுத்து முடித்த வாரம், வார்ம்-அப் செய்யாமல் சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்து என் வலது கணுக்கால் வீங்கிவிட்டது. சொன்னால் டான்ஸ் மிஸ் அரங்கேற்றத்தை நிறுத்திவிடுவார். அப்பாவோ கச்சிராயபாளையம் முழுக்க அழைத்துவிட்டார். சொல்லவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வீக்கத்தின் மேலேயே சலங்கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வகுப்பில் முன்வரிசையில் ஆடினேன்.

ஒருநாள் எனக்குப் பின்னால் ஆடிய சின்னப் பெண்ணை மிஸ் அதட்டினார்.

“இன்னாடி, நொண்டிக்கினு ஆடற? கால்ல அடியா?”

“இல்லீங்க மிஸ். அக்கா இப்படித்தான் ஆடுது.”

திரும்பிப் பார்த்தேன். பின்வரிசை முழுவதும் வலது காலை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து சலங்கையை அவிழ்த்துக் காலைக் காட்டினேன்.

அரங்கேற்றம் தள்ளிப்போனது. கால் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. அந்தப் பெண்ணின் ஆட்டத்திலிருந்து என் நொண்டல் போகத்தான் வெகுநாள் ஆயிற்று.