சந்தோசம் கேட்ட கந்தோர்

1. சேர்ந்த நாள்

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில மாதங்களில் நான் கிளாக்கராகச் சேர்ந்தேன். மாத்தளைப் பக்கத்தில் ஒரு கந்தோர், அரசாங்க அலுவலகம். எதென்று சொல்லப் போவதில்லை. சொல்லி இப்போது ஆகப் போவதும் ஒன்றுமில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கு நகல் எழுதிக் கொடுப்பது என் வேலை.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, காதில் பென்சில், வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. அன்பான மனுசன். முதல் நாளே என் மேசையில் இரண்டு கட்டுக் காகிதங்களை வைத்து வேலை சொல்லிக் கொடுத்தார்.

“தம்பி, இது மேல் கட்டு, இது கீழ்க் கட்டு. சந்தோசம் வந்த அப்ளிகேசன் மேலை போகும். வராதது கீழை கிடக்கும். விளங்கிச்சோ?”

எனக்கு விளங்கவில்லை. விண்ணப்பத்தில் சந்தோசம் எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கும் என்று தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாசலில் நின்ற பியோன் மார்ட்டின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பத்து மணிக்கு நாவுலயிலிருந்து வந்த ஒருவர் அவனிடம் ஒரு பூசணிக்காயைக் கொடுத்தார். மார்ட்டின் அவருடைய விண்ணப்பத்தின் மூலையை மடித்து என் மேசையில் மேல் கட்டில் வைத்தான். அந்தப் பூசணிக்காய்தான் சந்தோசம். சிங்களத்திலும் அதற்கு அதே சொல்தான். பாஷைக்காக எத்தனையோ சண்டை பிடித்த நாட்டில் அந்த ஒரு சொல்லில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம்.

2. பங்கு

பொய் சொல்லக் கூடாது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் இனிக்கத்தான் செய்கிறது. காலையில் இஞ்சி தட்டிப் போட்டு மார்ட்டின் ஊற்றும் பிளேன்டீ, கூடவே ஒரு துண்டுக் கருப்பட்டி. மழை நாளில் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பெரிய கிளாக்கர் சொல்லும் பழைய துரைமார் கதைகள். கலேவெலயிலிருந்து வெங்காயம் வரும். ரம்புட்டான் காலத்தில் கந்தோர் முழுக்கத் தோல் கிடக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தால் என் பங்கு பையில் தயாராக இருக்கும். உம்மா கேட்டால் கூட்டாளி தந்தான் என்பேன்.

காசு நாங்கள் தொடுவதில்லை. அதனால் மூன்று பேரும் நேர்மையானவர்கள் என்றே எங்களுக்கு நினைப்பு. மூலை மடிக்காத விண்ணப்பத்தையும் நாங்கள் கிழித்துப் போடவில்லையே. கீழ்க் கட்டில் பத்திரமாகத்தான் கிடந்தது.

3. மாரியாயி

எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மாரியாயி வந்தது, இந்திய வம்சத்துத் தோட்டத்து ஆட்களிடம் பிரஜாவுரிமை மனு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில். இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. மனுவோடு அவளுடைய பிறப்புப் பத்திரத்தையும் கடைசித் தேதிக்குள் வைக்கவேண்டும் என்று மனு எழுதுகிறவர் சொல்லியிருந்தார்.

“தவறிப்போச்சுன்னா நானும் இந்தப் புள்ளையும் எந்த நாட்டு ஆளும் இல்லேன்னு சொல்றாங்க. நெசமாங்க?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

“நாள் இருக்கு, பயப்படாதீங்க” என்றேன். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

வெளியே மார்ட்டின் வழக்கம்போல அவளை நிறுத்தினான். “சந்தோசம் ஒண்ணும் இல்லியா?”

“இருக்குங்க. ஐயாமாரு இம்புட்டு அன்பா விசாரிக்கிறதே சந்தோசந்தானுங்களே.”

மார்ட்டின் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவளும் சிரித்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். அவன் உள்ளே வந்து சொன்னபோது எனக்குத் தேநீர் புரையேறிவிட்டது. பெரிய கிளாக்கர் மட்டும் முகத்தைச் சுளித்தார். “கெட்டிக்காரி. எங்களுக்கே பகிடி விடுறாள்” என்றார். விண்ணப்பம் கீழ்க் கட்டுக்குப் போனது.

அடுத்த கிழமை திரும்ப வந்தாள். பஸ்ஸில் வந்தவள் போலத் தெரியவில்லை. கால் முழுக்கப் புழுதி.

“இன்னைக்காவது சந்தோசம் கொண்டாந்தியா?” என்றான் மார்ட்டின்.

“கொழந்தைக்கு மூணு நாளாக் காய்ச்சலுங்க. நேத்துத்தான் விட்டுச்சு. அதுல கொஞ்சம் சந்தோசங்க.”

அன்றைக்கும் சிரித்தோம். அவள் விளங்காமல்தான் சொல்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள் நானும் அப்படித்தானே விழித்தேன்? எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தேநீர் நேரத்துப் பகிடி அதோடு முடிந்துபோயிருக்கும். அதற்காகத்தான் சொல்லவில்லை. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் தடவை அவள் வர இரண்டு கிழமை சென்றது. கக்கத்தில் ஒரு கோழி. சந்தித் தேநீர்க் கடைக்காரர் அர்த்தம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

“இதத்தான் கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்க. கோவிச்சுக்காதீங்க” என்று மார்ட்டினிடம் மன்னிப்புக் கேட்டாள்.

மூலை மடிந்தது. நான் இன்டெக்ஸைப் பார்த்து, பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, நகலை எழுதி முத்திரை குத்தினேன். எல்லாம் அரை மணி நேரம். அவள் பத்திரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கோழியை நான்தான் பிஸ்மி சொல்லி அறுத்தேன். மார்ட்டின் வீட்டில் சமையல். வெள்ளிக்கிழமை விரதம் என்று பெரிய கிளாக்கர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார். கறி நன்றாகத்தான் இருந்தது.

4. மாத்தளை ஸ்டேஷன்

இருபது வருடத்துக்குமேல் ஆகியிருக்கும். பெரிய கிளாக்கர் பென்ஷன் வாங்கி ஊருக்குப் போய்விட்டார். மார்ட்டின் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டான். நான் ஒருநாள் கண்டிக்குப் போக ஸ்டேஷனில் நின்றேன். மேடை முழுக்கத் தகரப் பெட்டிகள், பாய்ச் சுருட்டுகள், அழுகை. இந்தியாவுக்கு அனுப்பப்படும் தோட்டத்து ஆட்கள், கப்பலேற மன்னார்ப் பக்கம் போகும் ரயில் கோச்சியைப் பிடிக்கப் புறப்பட்டிருந்தார்கள்.

“கந்தோரு ஐயாதானுங்களே?”

எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெண் அன்றைக்கு இடுப்பில் இருந்த குழந்தை. இப்போது தாயைவிட உயரம்.

“நீங்க ஏன் போறீங்க? பத்திரம் எழுதித் தந்தேனே” என்றேன்.

“கொண்டு போய்க் குடுத்தேங்க. முந்தின நாளோட முடிஞ்சிருச்சுன்னுட்டாங்க. ஐயா மேல தப்பில்லீங்க. கேட்ட ஒடனே எழுதிக் குடுத்தது ஐயாதான். புள்ளைக்கிட்டகூட அடிக்கடி சொல்லுவேன்.”

மகள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்குக் கையெடுக்க வரவில்லை.

மாரியாயி மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். மடிப்புகளில் கிழிந்திருந்தது. பிறந்த இடம் எல்கடுவ. என் கையெழுத்து.

“இந்தியாவுல ஒரு ஊரும் தெரியாதுங்க. இதக் காட்டினா அங்க ஒதவுங்களா?”

“காட்டுங்க. உதவும்” என்றேன்.

அதையும் அவள் நம்பினாள்.

இப்போது கந்தோர் வேலைக்குச் சேருகிறவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அந்தப் பதிவுப் புத்தகம் பின்பக்க அலுமாரியில் இருந்தது. என் நாற்காலியிலிருந்து நாலு எட்டு. அவள் எல்கடுவயிலிருந்து மூன்று தடவை வந்தாள், முதல் இரண்டு தடவையும் நான் எழுந்து போகவில்லை. நீங்கள் முதல் தடவையே எழுந்து போங்கள்.