இடது கால் அறுபத்தொன்று

"சாவி, செல்போன், சில்லறை எல்லாம் வெளியே வைங்க. இடுப்புல கை. கொசு கடிச்சாலும் அசையக் கூடாது."

தரையில் பதித்த இரண்டு தகடுகளின் மேல் ஏறும் ஒவ்வொருவரிடமும் அவர் சொல்வது இது. அசையாமல் நின்று, குந்தி, எகிறிக் குதித்தால் எந்தக் கால் எத்தனை கிலோ உந்தியது என்று திரையில் வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் யார் எவ்வளவு பாரம் தூக்கலாம், யார் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழ வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். பயிற்சிக்கூடத்தில் அவருக்குப் பெயர் தராசக்கா.

வீட்டிலும் அந்தக் கண் ஓயாது. "உங்க வலது கால் சரியான சோம்பேறிங்க" என்று கணவரிடமே சொல்லிவிட்டார். பாவம், அந்த மனிதர் இப்போதெல்லாம் மனைவி பார்க்காத நேரம் பார்த்துத்தான் மாடிப்படி ஏறுகிறார்.

அன்று தகட்டில் ஏறியவள் அவருடைய அண்ணன் மகள். உயரம் தாண்டுபவள். இடது முழங்காலில் கிழிந்த தசைநாருக்கு அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். பத்து நாளில் தேர்வுப் போட்டி. தராசக்கா கையெழுத்துப் போட்டால்தான் களத்தில் இறங்க முடியும்.

குதித்தாள். இடது அறுபத்தொன்று, வலது அறுபத்திரண்டு.

கூட வந்திருந்த அவளுடைய பயிற்சியாளர் கைதட்டினார். "ரெண்டும் சமமாயிடுச்சு! போட்டுருங்க மேடம்."

தராசக்கா பேனாவைத் திறக்கவில்லை. போன மாதத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்போது வலது எழுபத்தாறு. இடது அதே அறுபத்தொன்று. குதித்த உயரமும் இன்று மூன்று விரற்கடை குறைவு.

"இடது ஏறலடி. வலதை நீ அடக்கிட்ட."

அவள் தலைகுனிந்தாள். "இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிடும் அத்தை. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். இன்று மாலை அண்ணன் என்ன பேசுவார் என்பதும் தெரியும். ஆனால் ஓடிவந்து எகிறும் கணத்தில் மொத்த உடம்பையும் தாங்கப் போவது அந்த இடது கால்தான். மறுபடி கிழிந்தால் எந்த வருஷமும் இல்லை.

"ஆறு வாரம். எல்லாம் ஒத்தக் கால்லதான்." எழுதி, 'இப்போது தகுதியில்லை' என்பதன் கீழே கையெழுத்துப் போட்டார். பயிற்சியாளர் விருட்டென்று வெளியே போனார்.

அவள் தகட்டிலேயே உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இனிமே எங்கிட்ட பேசாதீங்க."

தராசக்கா தரையில் அமர்ந்து, அவளுடைய இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.