வெள்ளிப் பசையும் செத்த கிருமிகளும்

பல் விளக்குவதைப் பற்றி யாராவது பிரசங்கம் ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் என் அத்திம்பேரால் வந்தது. அக்காவின் புருஷன், வீட்டோடு மாப்பிள்ளை, பி.ஏ.வில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். முப்பதுகளின் ஆரம்பத்தில், மயிலாப்பூர் தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு சந்து வீட்டில், அப்பாவின் பென்ஷனில் நாங்கள் ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான், என் தங்கை ஐந்து பேரும் பசிக்குச் சாப்பிட்டோம். அவர் மட்டும் பேசத் தெம்பு வேண்டுமே என்று சாப்பிட்டார்.

அவர் கை வைக்காத விஷயம் கிடையாது. ஒரு வருஷம் சோப்பு காய்ச்சினார். அது குளிக்கவும் உதவவில்லை, துவைக்கவும் உதவவில்லை, அக்காவின் உள்ளங்கையை மட்டும் அழகாக உரித்தது. அடுத்த வருஷம் கொல்லையில் தேனீ வளர்த்தார். அவை ஒரே வாரத்தில் அடையாறு பக்கம் தோப்புகளுக்குப் பறந்துவிட்டன. அந்த வீட்டில் புத்தியோடு நடந்துகொண்டவை அவைதான் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் வந்தது பற்பசை. சீமைப் பசை குழாயில் வர ஆரம்பித்திருந்த சமயம். அப்பா அதை வாசற்படி தாண்ட விடவில்லை. எலும்புத் தூள் போடுகிறான், பிரஷ்ஷோ பன்றி மயிர், அந்தக் கண்றாவியை வாயில் வைப்பதா என்று கொதிப்பார். அத்திம்பேர் பார்த்தார், இதுதான் சமயமென்று புகுந்துவிட்டார்.

"வெள்ளிக்குத் தீட்டு உண்டோ? சொல்லுங்கோ," என்றார் அப்பாவிடம். "பஞ்சபாத்திரமே வெள்ளியிலதானே வெச்சிண்டிருக்கோம். பொறந்த குழந்தை கண்ணுல இங்கிலீஷ் டாக்டர் வெள்ளித் தண்ணி விடறான், கிருமி அண்டாதாம். கண்ணுக்கு ஆறது பல்லுக்கு ஆகாதா?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அவர் சொல்வதெல்லாம் கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். பழைய பத்திரிகை ஒன்றில் 'கொலாய்டல் சில்வர்' என்று இரண்டு வார்த்தை பொறுக்கி வைத்திருந்தார். அதை நாள் முழுக்க ஜபித்தார். அப்படியென்றால் என்ன என்று நான் ஒரு நாள் கேட்டேன். "அது ரொம்ப சூட்சுமம்டா, உனக்கு ஏறாது," என்றார். நான் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன்.

விரிசல் விட்ட வெள்ளி உத்தரணிக் கரண்டி ஒன்று வீட்டில் கிடந்தது. பத்தரிடம் திராவகம் வாங்கி வந்து, கொல்லையில் பீங்கான் கிண்ணத்தில் அதைக் கரைத்தார். பழுப்புப் புகை கிளம்பி, துளசி மாடத்துப் பக்கம் நின்ற அம்மா இருமி இருமிக் கண்ணீர் விட்டாள். "அசுத்தமெல்லாம் போறது," என்றார் இவர். அதில் சீமைச் சுண்ணாம்புத் தூள், கிராம்புத் தைலம், கற்பூரம், கொஞ்சம் கிளிசரின் என்று கைக்கு வந்ததைப் போட்டுக் குழைத்தார். பசை வெள்ளை வெளேரென்று வந்தது. அதை ஜாடியில் அடைத்து, வெளிச்சமே புகாத பூஜை அலமாரியில் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

எங்கள் வீடு எச்சில் பார்க்கிற வீடு. டம்ளர் விளிம்பு உதட்டில் பட்டால் அம்மா ஊரைக் கூட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்ட வீட்டில் தினமும் காலையில் ஆறு பேரும் வரிசையாக நின்று ஒரே ஜாடியில் விரலை விட்டோம். வாய்க்குள் போன விரல் மறுபடி ஜாடிக்குள் போகும். கேட்டால், வெள்ளி எல்லாவற்றையும் சுத்தம் பண்ணிவிடுமாம். இதைவிட ஒரு ஆபாசம் உண்டா? ஆனால் அப்பா தலையை ஆட்டினார், அம்மா அப்பாவைப் பார்த்து ஆட்டினாள்.

மூன்றாம் நாள் எல்லாருக்கும் ஆள்காட்டி விரல் கறுத்தது. அம்மா பயந்துபோய் விரலைப் புளி போட்டுத் தேய்த்தாள். அத்திம்பேர் துள்ளிக் குதித்தார்.

"பார்த்தேளா! கிருமி! செத்துச் செத்து வெளில வரது. எவ்வளவு கறுக்கறதோ அவ்வளவு நல்லது."

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரிடையரான தாசில்தார் ஒருவர், என் அப்பா, கூடத்தில் உட்கார்ந்து எல்லார் விரலையும் நீட்டச் சொல்லி யாருக்குக் கிருமி ஜாஸ்தி என்று ஒப்பிட்டுப் பார்த்தார். அம்மா விரல்தான் ரொம்பக் கறுப்பு. அவள் குற்றம் செய்தவள் மாதிரி புடவைத் தலைப்பில் கையை மறைத்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். லாபரட்டரியில் வெள்ளி உப்புக் கரைசல் என் கையிலேயே எத்தனையோ முறை சிந்தியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் கறுக்கும், தோல் உரியும்போது கூடவே போகும். கிருமியாவது மண்ணாங்கட்டியாவது! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மனுஷன் நாலு பேர் எதிரில் அசடு வழிய வேண்டும், அதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. அப்படியொரு கசப்பு அவர்மேல்.

என் தங்கைக்கு அப்போது பதினேழு. மாம்பலத்தில், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகர் பக்கம், ஒரு வரன் கூடி வந்திருந்தது. பள்ளிக்கூட வாத்தியார். ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்திருக்கிறாள், அவனும் இவள் பாடியதைக் கேட்டிருக்கிறான். கல்யாணத்துக்கப்புறமும் பாட்டு வாத்தியாரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தான். "இந்த இடம் அமையணும் அண்ணா," என்று என்னிடம் மட்டும் சொன்னாள். வாய்விட்டு எதையும் கேட்கிற பெண் இல்லை அவள்.

சின்ன வயசிலிருந்தே அவள் பல்லில் லேசான மஞ்சள் உண்டு. பெண் பார்க்க வருவதற்குள் பளிச்சென்று ஆகவேண்டும் என்று, நாங்கள் ஒரு வேளை தேய்த்தால் அவள் மூன்று வேளை தேய்த்தாள். மற்றவர்கள் பல் லேசாகப் பழுப்பேறியது, அவள் பல் கறுக்கவே ஆரம்பித்தது. அத்திம்பேரிடம் ஓடினாள். "உள்ளே இருக்கறதெல்லாம் வெளில வரது. விடாதே, இன்னும் அழுத்தித் தேய்," என்றார். தேய்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லுக்கு உரிகிற தோல் இல்லை என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஏதோ கொஞ்சம் கறை பிடிக்கும், அப்புறம் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாத்திரம் தேய்க்கும் அம்மாள் ஒருத்தி கடலோரக் குப்பத்திலிருந்து வருவாள். அவளுக்குத்தான் வாய் இருந்தது. "அய்ய, இன்னாம்மா இது, பாப்பா பல்லு அடுப்புக்கரியாட்டம் கீது! பொண்ணு பாக்க வர்ற நேரத்துல இன்னாத்த பூசிக்கினு கீறீங்க?" என்றாள். அம்மா அவளை அதட்டி அனுப்பினாள். கிருமி சாஸ்திரம் அவளுக்கென்ன தெரியும் என்று சிரித்தார் அத்திம்பேர்.

வெள்ளிக்கிழமை மாம்பலத்துக்காரர்கள் வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி, காப்பி எல்லாம் ஆயிற்று. தங்கையைப் பாடச் சொன்னார்கள். உதட்டைத் திறக்காமல் ஏதோ முனகினாள். பையனின் அம்மா நல்ல மாதிரி. "கூச்சப்படாதே, வாயைத் தொறந்து பாடும்மா கொழந்தே," என்றாள்.

மேல் ஸ்தாயிக்குப் போகும்போது வாய் திறந்தது. பாட்டு பாதியில் நின்றது. அந்த அம்மாள் என் அம்மா பக்கம் குனிந்து, "பொகையிலை போடற வழக்கம் உண்டோ?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், எல்லார் காதிலும் விழுந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதாவது அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு இருந்தாரா? எழுந்து போய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "அத்தனையும் செத்த கிருமி மாமி! கொலாய்டல்! நீங்களும் ஒரு வாரம் உபயோகிச்சுப் பாருங்கோ," என்று அவர்கள் நடுவில் நீட்டினார். மாம்பலத்துப் பெரியவர் வேஷ்டியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். நான் மாதக்கணக்காகக் காத்திருந்த காட்சி அதுதான். அத்திம்பேர் அசடு வழிந்துகொண்டு ஜாடியோடு நின்றார். ஒருத்தரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் என் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்த இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று இரண்டு நாளில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அழவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மறு வாரம் நான்தான் அவளை ராயப்பேட்டையில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சுரண்டினார். பாதிதான் போயிற்று, இடுக்குகளில் இருந்த கறுப்பு அப்படியே நின்றுவிட்டது. திரும்பி டிராமில் வரும்போது, கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"உன் பல்லு மட்டும் எப்படி அண்ணா வெளுப்பா இருக்கு?"

இரண்டாம் நாளே நான் அந்தப் பசையை விட்டுவிட்டிருந்தேன். எல்லாரோடும் நின்று ஜாடியில் விரலை விட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு, உமிக்கரியால் தேய்த்து வந்திருந்தேன். அதை அவளிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அத்திம்பேரை வாய்க்கு வந்தபடி திட்டினேன், அசடு, முட்டாள், உதவாக்கரை என்று. லஸ் வரும்வரை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். இறங்குவதற்கு எழுந்தபோது சொன்னாள்:

"அத்திம்பேர் அசடு அண்ணா. அவருக்குத் தெரியாது. நீ அசடு இல்லையே."