டெல்பினின் முன்பல்

எங்கள் ஏரிக்கரை ஊர் பேண்டில் டெல்பின்தான் முதல் கிளாரினெட், முக்கிய ராகத்தை ஊதுபவன். பகலில் டிரைசைக்கிளில் சவாரி ஏற்றி ஓட்டுவான். என் தங்கை லூனிங்கின் புருஷன். பெரிய டிரம் அடிப்பவன் நான். இருபது வருஷ ஊர்வலங்களில் அவன் முதுகைப் பார்த்தேதான் நடந்திருக்கிறேன்.

மூன்று வேளையும் பல் தேய்ப்பான். அதில் ஏகப்பட்ட பெருமை. கடையில் இருப்பதிலேயே முரட்டு பிரஷாகப் பார்த்து வாங்கி, முழங்கை பறக்கத் தேய்ப்பான். துப்பினால் ரத்தம் வரும். "கெட்ட ரத்தம், போவட்டும்" என்பான்.

ஒரு வருஷம் ஜனவரி ஒத்திகையில் வாசிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டான். கிளாரினெட்டின் வாய்ப்பகுதி மேல்வரிசை முன்பல்லில்தான் அழுந்தி நிற்கும். அந்தப் பல் ஆடியது. ஈறு சிவந்து, பல்லோடு சண்டை போட்டவன் மாதிரி மேலே ஒதுங்கிக் கிடந்தது. பேண்ட் மாஸ்டர் ஆம்போ முதல் கிளாரினெட்டின் இசைத்தாளை அடுத்தவனிடம் நகர்த்தினார். டெல்பினை அவன் வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

"புடுங்கிட்டு செட்டு கட்டிக்கிறேன் மச்சான்" என்றான் வாசலில்.

"செட்டுப் பல்ல வச்சு ஊதுனா, ராகம் முன்னாடி போவும், பல்லு பின்னாடி வரும்" என்று லூனிங் உள்ளேயிருந்து கத்தினாள். ஆனால் அழுதிருந்தாள்.

மறுநாள் அவனைச் சுகாதார நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். பல் டாக்டர் எஸ்தெலா குட்டையான, சத்தமான மனுஷி. வாயைப் பார்த்தார். ஒரு பிரஷைக் கொடுத்து, "எங்க, தேய்ச்சுக் காட்டுங்க" என்றார். இவன் தேய்த்தான்.

"ஏங்க, இது பல்லா, அடிபிடிச்ச சட்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. "பல்லு மேலயே முரட்டுத்தனமா தேய்ச்சு ஈறப் புண்ணாக்கிட்டீங்க. அழுக்கு இருக்கிற ஈறோரத்த விட்டுட்டீங்க. அங்க அழுக்கு இறுகிக் காரை கட்டியிருக்கு, அதான் பல்லு ஆடுது. இப்பவே புடுங்க வேணாம். சுத்தம் பண்ணிப் பாப்போம்."

காரையைச் சுரண்டி எடுத்ததும், மெத்தென்ற பிரஷ் வாங்கிவரச் சொன்னார். இவன் எதிர்க்கடையில் பெரிய தலை வைத்த பிரஷும், வெள்ளை வெளேரென்று ஆக்கும் என்று எழுதியிருந்த பேஸ்டும் வாங்கி வந்தான். இரண்டையும் திருப்பி அனுப்பினார்.

"தல சின்னதா இருந்தாத்தான் கடைசிப் பல்லுவரைக்கும் போவும். பேஸ்டுல ஃப்ளோரைடு இருக்கான்னு பாருங்க, படத்துல சிரிக்கிற பொண்ணப் பாக்காதீங்க. பல்லிடுக்குக்குச் சின்னதா ஒரு பிரஷ் இருக்கும், அதையும் கேளுங்க."

பிறகு அவன் கையைப் பிடித்துக் காட்டினார். பிரஷை ஈறோரத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாக, உள்பக்கமும் சேர்த்து இரண்டு நிமிஷம். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம்.

"டாக்டரம்மா, என் கை வேகமாவே ஓடுது."

"நீங்க பேண்டுக்காரர்தானே? இருக்கறதுலயே மெதுவான பாட்டு எது?"

பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் வாசிக்கும் சோக மார்ச் இசைதான் அது. அன்று முதல் அதை மூக்கால் முனகிக்கொண்டே தேய்த்தான். முதல் நாள் பக்கத்துவீட்டம்மா பதறி ஓடிவந்து, "லூனிங், யாரு போயிட்டாங்க?" என்று கேட்டாள்.

மூன்றாவது வாரம் ரத்தம் நின்றது. ஒதுங்கிய ஈறு ஒதுங்கியதுதான், அது வளராது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் பல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. ஆகஸ்டில் ஒருநாள் ஒத்திகையில் மாஸ்டர் ஆம்போ அந்தத் தாளை டெல்பின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அவன் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான்.

நவம்பர் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் எங்கள் பதினெட்டுப் பேரையும் சீருடையோடு சுகாதார நிலைய வாசலுக்கு இழுத்துப்போனான். தாடையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் திகைத்துப் பார்க்க, முழு மார்ச் ஒன்று வாசித்தோம். டாக்டர் எஸ்தெலா கையுறையோடு வெளியே வந்தார். டெல்பின் நன்றி சொல்ல வாயெடுத்தான். பிறகு அதை விட்டுவிட்டுப் பல் தெரியச் சிரித்தான். அவர் அந்த முன்பல்லையே உற்றுப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார்.

"வந்ததுதான் வந்தீங்க. எல்லாரும் வரிசையா உக்காருங்க. வாயத் திறங்க."