பரிசுக்கு முன் சொல்ல வேண்டியது

நத்தார் பண்டிகைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மகள் ஹாலே நகரிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அவளுடைய மாமியார் வீட்டில் எங்கள் இருவருக்கும் எந்த அறை, நெடுஞ்சாலையில் எங்கே வேலை நடக்கிறது, பலகாரத்தில் காரம் எவ்வளவு குறைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லி முடித்தாள். ஆனால் தொலைபேசியை வைக்கவில்லை.

"அப்பா, ஒண்டு கேக்கட்டே?"

"கேள்."

"அங்கை வந்து வாசிப்பு வேண்டாம்."

"என்ன வாசிப்பு?"

"தெரியாத மாதிரி நடியாதேங்கோ. பாலன் பிறந்த வாசிப்பு. அவரின்ரை அம்மா அப்பா அப்பிடியான ஆக்கள் இல்லை. இந்த ஒருக்கா மட்டும்."

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது? மனைவி பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்கேன் இப்பிடி நிக்கிறியள்? பிள்ளை வாழப் போன வீடு. அவையின்ரை முறைக்கு ஒரு நாள் இருந்திட்டு வருவம்" என்றாள்.

எங்கள் வீட்டில் நத்தார் அந்த வாசிப்போடுதான் தொடங்கும். இருபத்துநான்காம் தேதி இருட்டுகிற நேரம், குடிலின் சிறு விளக்கை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, பாலன் பிறந்த நற்செய்தியை நான் வாசிப்பேன். அதுவரை தொட்டில் வெறுமையாக இருக்கும். வாசித்து முடிந்ததும் மகள் பாலனை எடுத்து வைப்பாள். அதற்குப் பிறகுதான் பரிசு, பலகாரம், கோயில். நான் மன்னாரிலிருந்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய வருடம் அகதிகள் விடுதியில் குடிலும் இல்லை, புத்தகமும் இல்லை. கட்டிலில் இருந்தபடி மனப்பாடமாகச் சொன்னேன். அன்று முதல் ஒரு வருடமும் விட்டதில்லை.

மகள் கோடையில் பதிவுத் திருமணம் செய்தாள். "கோயிலிலை பிறகு பாப்பம்" என்றாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மருமகன் நல்ல பிள்ளை. ஆனால் அவன் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒருவரும் ஞானஸ்நானம் பெற்றதில்லை. ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் அது சாதாரணம். நான் பதிவுத் திருமணத்தையும் தொலைபேசியில் கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிள்ளை விசுவாசத்தை விட்டுவிட்டாள் என்று தோன்றியது. வெட்கப்படுகிறாள் என்றும் தோன்றியது. இரண்டில் எது மோசம் என்று முடிவு செய்ய முடியவில்லை.

அந்த இரண்டு கிழமையும் இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஹனோவர் வீட்டில் குடிலை அமைத்தேன். "ஆளில்லாத வீட்டுக்கு என்னத்துக்கு?" என்று மனைவி கேட்டதும் கலைத்தேன். அவள் வேலைக்குப் போன பிறகு திரும்ப அமைத்தேன். நடுவில் எங்கள் ஆட்களின் நத்தார் ஒளிவிழா வந்தது. மண்டபத்தில் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், நத்தார் தாத்தா மேடையிலிருந்து இனிப்பு எறிதல், புரியாணி. பிள்ளைகள் பாலன் பிறப்பு நாடகம் பழகி வந்திருந்தார்கள். மண்டபத்தை விட வேண்டிய நேரம் நெருங்கிவிட்டதால் மூன்று அரசர்களையும் நாடகத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். காகித முடியோடு மூன்று பிள்ளைகள் சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். எங்கள் ஆட்களே இப்படியென்றால் ஹாலேக்காரரை என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இருபத்துநான்காம் தேதி மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். சம்பந்தி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்; உயரம், குரலும் உயரம். சம்பந்தியம்மா மெல்லப் பேசுகிறவர். அந்த வீட்டைப் பார்த்ததும் நான் கொஞ்சம் தடுமாறிப் போனேன். ஒவ்வொரு யன்னலிலும் வளைவான மரச்சட்டத்தில் மெழுகுதிரி விளக்குகள். அலுமாரி மேல் வாயால் புகை விடுகிற மர மனிதன். மேசை நடுவில், மெழுகுதிரிச் சூட்டில் தானாகச் சுற்றுகிற மரக்கோபுரம். அதன் கீழ்த் தட்டில் மரியாளும் சூசையும் பாலனும், பின்னால் ஆடு சுமந்த இடையர்கள். எல்லாம் கையால் செதுக்கியவை. சம்பந்தி மேலே இருந்த காற்றாடி இறகுகளை ஒவ்வொன்றாகச் சரித்து, சுற்றும் வேகத்தைச் சரிபார்த்தார். எங்கள் வீட்டுக் குடிலில் மாட்டுக்கு ஒரு கொம்பு இல்லை. இங்கே ஒரு துரும்பும் கோணலில்லை. அப்படி அலங்கரித்த மேசையைச் சுற்றி இருந்துகொண்டு உருளைக்கிழங்கு சலாட்டைப் பற்றியும் பனியைப் பற்றியும் பேசினோம். நடுவில் சுற்றுகிறவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, சொல் கொடுத்திருந்தேன்.

பின்னேரம் எல்லோரும் நடக்கப் போனோம். ஒரு நீளமான பழைய கட்டடத்தின் முன்னால் சம்பந்தி நின்றார். "உங்கள் மொழியில் எழுதிய பழைய கடிதங்களும் சுவடிகளும் இங்கே இருக்கின்றன, தெரியுமா? எங்கள் பாதிரிமார் உங்கள் நாட்டுக்கு இங்கிருந்துதான் புறப்பட்டுப் போனார்கள்."

"தெரியும்" என்றேன்.

"இருந்த பக்தியை எல்லாம் உங்களுக்கு ஏற்றுமதி செய்துவிட்டோம். அதுதான் இங்கே ஒன்றும் மிச்சமில்லை."

அவரே பலமாகச் சிரித்தார். அவர்கள் போனது தமிழ்நாட்டுக் கரைக்கு என்பதையும், மன்னாரில் எங்கள் ஆட்களுக்கு வேதம் போர்த்துக்கேயரோடு வந்தது என்பதையும் நான் சொல்லவில்லை. அன்றைக்கு எதையும் திருத்துவதில்லை என்ற முடிவோடு இருந்தேன்.

திரும்பி வரும்போது மகள் என் பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, ஒண்டு சொல்ல மறந்திட்டன். இரவு பரிசு குடுக்க முன்னம் எல்லாரும் எழும்பி ஒரு கவிதை சொல்லவேணும். இவையின்ரை வீட்டு முறை. சொல்லாட்டிப் பரிசு இல்லை."

"நானுமோ?"

"எல்லாரும்தான். சின்ன வகுப்பிலை படிச்ச ஏதும் பாட்டுச் சொல்லுங்கோ. அவைக்கு விளங்கவோ போகுது?"

சின்ன வகுப்பில் மழையைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. முதல் வரி வந்தது. இரண்டாவது அரைவாசி வந்தது. மனைவியின் காதில், "மழைப் பாட்டு ஒண்டு இருந்ததெல்லே, அடுத்த வரி என்ன?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நான் வேறை பள்ளிக்கூடம்."

சப்பாத்துக் கழற்றும்போது தேடினேன், சலாட் சாப்பிடும்போது தேடினேன். சம்பந்தியம்மா எனக்கு இரண்டாவது தரம் சொசேஜ் வைத்தபோது கூட, மழைக்குப் பிறகு தவளையா குடையா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்து பெரிய விளக்கை அணைத்தார்கள். சம்பந்தி தானே கட்டிய நாலு வரியைச் சொன்னார். பொருள், அவருடைய வயிறு. சம்பந்தியம்மா பனி விழுந்த காட்டைப் பற்றிச் சொன்னார். மருமகன் சிறுவயதில் பாதியில் மறந்த அதே கவிதையை அதே இடத்தில் மறந்து கைதட்டு வாங்கினான். மகளும் ஜெர்மனில் ஏதோ சிறிய பாட்டுச் சொன்னாள். என் மனைவியின் முறை வந்தது. அவள் எழும்பவேயில்லை. "எனக்கு ஏலாது. இவர் எனக்கும் சேர்த்துச் சொல்லுவார்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு என் முழங்கையைத் தள்ளினாள்.

எழும்பினேன். மழையின் முதல் வரியைச் சொன்னேன். இரண்டாவதில் நின்றேன். எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். வாய் தானாகத் தொடர்ந்தது என்று எழுதினால் அது சரியில்லை. நான் மகளைப் பார்த்தேன். என்ன வரப்போகிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் என்று தலையை மிக இலேசாக ஆட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் வாசிப்பைத் தொடங்கினேன். பேரரசனின் கட்டளை, பயணம், பிரசவம், தீவனத் தொட்டி, வயல், இடையர், வானத்து வெளிச்சம். ஒரு சொல் தடக்கவில்லை. மனைவியின் உதடுகளும் கூடவே அசைந்தன.

எல்லோரும் கைதட்டினார்கள். சம்பந்தி உண்மையாகவே ரசித்திருந்தார்.

"அழகாக இருந்தது. என்ன சொல்கிறது?" என்று மகளிடம் கேட்டார்.

மகள் மேசையில் இருந்த மெழுகைச் சுரண்டினாள். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை.

"அரசாங்கம் எல்லோரையும் பதியச் சொல்கிறது. ஒருவர் அதற்காகத் தூர ஊருக்குப் போகிறார். கூடப் போகிற பெண்ணின் வயிற்றில் பிள்ளை. போன இடத்தில் தங்க இடமில்லை..."

"நில், நில்" என்றார் சம்பந்தி. என் பக்கம் திரும்பினார். "இது உங்கள் கதையா? ஷோனெஃபெல்ட்? அந்த நாட்களில் நான் அங்கே ரயிலில் வேலை. உங்கள் ஆட்கள் மெல்லிய சட்டையோடு குளிரில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்."

"வாயை மூடு, மனிதா" என்றார் சம்பந்தியம்மா. "அந்தக் கதை உன் மூக்குக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது."

சம்பந்தி மரக்கோபுரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எல்லோரும் சிரித்தோம். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் சிரித்தபடியே, தேநீருக்குச் சீனி வேண்டுமா என்று கேட்கிற குரலில் கேட்டார்: "இதையெல்லாம் உண்மையாக நம்புகிறீர்களா?"

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டினார். "உங்களைப் பற்றித் தெரியும். நான் இவளைக் கேட்கிறேன்."

"விடுங்கள் அப்பா" என்றான் மருமகன். "அவள் அப்படியான ஆள் இல்லை."

மகள் மெழுகுத் துண்டைத் தட்டில் வைத்தாள்.

"நம்புகிறேன்" என்றாள். "நத்தாருக்கு மட்டும் இல்லை."

மருமகனின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. சம்பந்தி "ம்" என்றார். அந்த ஒலியில் கேலி இல்லை. சம்பந்தியம்மா எழுந்து பரிசுகளைக் கொடுக்கத் தொடங்கினார். எனக்குக் கம்பளிக் கையுறை கிடைத்தது.

பிறகு சமையலறையில் மகள் கோப்பை கழுவ நான் துடைத்தேன்.

"சொன்ன சொல் எங்கை அப்பா?"

"மழைப் பாட்டு மறந்து போச்சு."

"அது அரைவாசி உண்மை."

"ஓம். அரைவாசிதான்."

"நான் ஏன் வேண்டாமெண்டனான் தெரியுமோ?"

"வெக்கமெண்டு நினைச்சன். இல்லாட்டி விட்டிட்டாய் எண்டு."

அவள் தண்ணீரை நிறுத்தினாள். "விடுறதோ? நீங்கள் வாசிச்சா மாமா நம்புறியோ எண்டு கட்டாயம் கேப்பார். என்னட்டைக் கேட்டா எனக்குப் பொய் சொல்ல ஏலாது. அதுக்கு முன்னம் என்ரை மனுசனுக்கு நான் தனியச் சொல்லவேணும் எண்டு இருந்தனான். எப்பிடித் தொடங்கிறதெண்டு தெரியாமல் இவ்வளவு நாளும் தள்ளிப்போட்டன். ஞாயிறு காலமை நான் ஓடப் போறனெண்டுதான் அவர் நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

"ஓடுற உடுப்போடையோ கோயிலுக்குப் போறனீ?"

"ஓம். கடைசி வரிசை வாங்கிலை இருந்திட்டு வாறனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது, ஆனால் அவளுக்கு அது பாதியில் வேறாக மாறிவிட்டது. ஈரக் கையால் கண்ணைத் துடைத்தாள். "இப்ப எல்லாருக்கும் முன்னாலை சொல்லியாச்சு. தன்னை முட்டாளாக்கிப் போட்டன் எண்டு அவர் நினைக்கிறார். நீங்கள் நாளைக்கு ஹனோவருக்குப் போயிடுவியள்."

பாலன் நடுவில் இருக்க வேண்டும் என்று இத்தனை வருடம் சொன்னவன் நான். அவள் வாழ்க்கையில் பாலன் எங்கே இருக்கிறார் என்று அவளை ஒருதரம் கேட்டிருக்கலாம். கேட்காமல் தூக்கி மேசையில் வைத்துவிட்டேன். வைத்தது பிழை என்று இப்போதும் என்னால் முழுமனதோடு எழுத முடியவில்லை. சரி என்றும் எழுத முடியவில்லை.

படுத்த பிறகு பக்கத்து அறையில் அவர்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. சொற்கள் பிடிபடவில்லை. மனைவி, "காதைக் குடுக்காமல் படுங்கோ" என்றாள். அவளுக்கும் நித்திரையில்லை.

காலைப் பூசைக்குப் புறப்பட்டு வெளியே வந்தோம். இரவு நன்றாக உறைந்திருந்தது. மருமகன் படுக்கை உடுப்புக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் காரின் முன் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். எங்களுக்குக் காலை வணக்கம் சொன்னான், நிமிரவில்லை. மகள் பின்னால் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று அவளிடம் கேட்டான்.

"ஒரு மணித்தியாலம். நத்தார் எண்டபடியால் கொஞ்சம் கூடும்." பிறகு தமிழில் சொன்னது நினைவு வந்து அதையே ஜெர்மனில் சொன்னாள்.

"மதியத்துக்கு வாத்து ஒரு மணிக்குத்தான் வேகும்" என்றான். காரின் பின் கண்ணாடிக்குப் போனான். அதையும் சுரண்டினான். பிறகு அவள் இருக்கப் போகிற பக்கத்து யன்னலை, ஓரம்வரை, மெதுவாக.

மகள் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவன் சுரண்டியைக் கையில் வைத்தபடி நின்றான். போகவில்லை. கூட வரலாமே என்று சொல்ல நான் கண்ணாடியை இறக்கினேன். மனைவியின் கை என் முழங்காலில் அழுத்தியது.

"இஞ்சரப்பா" என்றாள், "காரை எடுங்கோ."